மூளை நாளத்தில் காற்றுக்குமிழி: ஸ்கேனா, ஆக்சிஜனா, அழுத்த அறையா?

மூளையின் ரத்தநாளத்துக்குள் காற்று புகுந்துவிட்டது என்ற சந்தேகம் எழுந்த நிமிடமே கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட வேண்டும். அங்கிருந்து ஆறு மணி நேரத்துக்குள் நோயாளி அழுத்த அறைக்குள், அதாவது ஹைப்பர்பேரிக் சேம்பருக்குள், போய்ச் சேர்ந்தால் பலன் அதிகம். ஸ்கேன், மாஸ்க், படுக்க வைக்கும் விதம், ஆம்புலன்ஸ், சேம்பரின் வகை எல்லாமே இந்த ஆறு மணி நேரத்திலிருந்துதான் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமாகவே தோன்றும். வரிசையாக வைத்துக் கூட்டினால்தான் எதற்கு நேரம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்பது பிடிபடும்.

காற்று வரும் வழிகள் பல. மருத்துவமனைக்குள் அதிகம் பார்ப்பது கழுத்துச் சிரையில் போட்ட சென்ட்ரல் லைன் (மருந்து ஏற்றும் நீண்ட குழாய்), டயாலிசிஸ் கதீட்டர் ஆகியவற்றை எடுக்கும் நேரத்தில். நோயாளி உட்கார்ந்திருந்து மூச்சை உள்ளே இழுத்தால் மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. துளை வழியே காற்று உறிஞ்சப்படுகிறது. வெறும் 5 செ.மீ. நீரழுத்த வேறுபாடு இருந்தால் போதும், 14 கேஜ் ஊசியின் துளை வழியே நொடிக்குச் சுமார் 100 மி.லி. காற்று போய்விடும். சிரைப் பக்கம் போகும் காற்றை நுரையீரல் பெரும்பாலும் வடிகட்டிவிடுகிறது. ஆனால் பெரியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறந்தபின் மூட வேண்டிய சிறு துளை மூடாமல் இருக்கும். அந்தத் துளை வழியே தமனிப் பக்கம் தாண்டினால் மூளைக்கு இரண்டு மூன்று மி.லி. போனாலே உயிருக்கு ஆபத்து. நுரையீரல் பயாப்ஸி, இதய அறுவை சிகிச்சை, பித்தநாள எண்டோஸ்கோப்பி, கடலடி நீச்சல் ஆகியவை மற்ற வழிகள். மூடிய புண்குழிக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவுவதும் இந்தப் பட்டியலில் உண்டு: 3 சதவீதக் கரைசல் 1 மி.லி. சுமார் 10 மி.லி. ஆக்சிஜன் வாயுவை விடும். பழைய வழக்கமாகப் பல இடங்களில் இன்னும் அப்படித்தான் கழுவுகிறார்கள்.

முதல் ஐந்து நிமிடம்: காற்று வரும் வழியை அடைப்பது

இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. துளையை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். லைன் இன்னும் உள்ளே இருந்தால் கிளாம்ப் போட்டுவிட்டு, அதன் வழியே காற்றை உறிஞ்சிப் பார்க்கலாம். நுரைத்த ரத்தம் வந்தால் அதுவே உறுதி. வெறும் பஞ்சும் காஸும் போதாது. தோலிலிருந்து நாளம் வரை ஒரு சுரங்கம் இருக்கும். அது காஸ் வழியே மூச்சுவிடும். காற்றுப் புகாத ஒட்டுப்படலம் வேண்டும். மயக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தால் நைட்ரஸ் ஆக்சைடை அந்தக் கணமே நிறுத்த வேண்டும். அது நைட்ரஜனைவிட முப்பது மடங்குக்கு மேல் எளிதாக ரத்தத்தில் கரைவதால், குமிழிக்குள் வேகமாகப் புகுந்து அதை ஊதிப் பெருக்கும்.

மூன்று படுக்கை நிலைகள்

தலையைத் தாழ்த்தி, இடதுபுறம் ஒருக்களித்து, அல்லது மட்டமாக மல்லாந்து என மூன்று வழக்கங்கள் உண்டு. இடதுபுறம் ஒருக்களிக்க வைப்பது 1947இல் டியூரன்ட்டும் அவருடைய சகாக்களும் முன்வைத்தது. இதயத்தின் வலது கீழறையில் அடைத்துக்கொண்ட காற்று நுரையீரல் தமனியின் வாசலை விட்டு மேலே மிதந்து நிற்கட்டும் என்பது அதன் எண்ணம். சிரைக்காற்றால் ரத்த அழுத்தம் சரிந்து, இதயம் காலியாகத் துடிக்கும் நோயாளிக்கு இது இன்றும் பொருந்தும்.

தலையைத் தாழ்த்துவது வேறு கதை. குமிழி மேலே மிதக்கும், ஆகவே தலை கீழே இருந்தால் மூளைக்குப் போகாது என்ற கணக்கு தமனியில் செல்லாது. அங்கே ரத்த ஓட்டத்தின் வேகம் மிதப்பு விசையை வென்றுவிடும்; ஓட்டம் போகும் இடத்துக்குக் குமிழியும் போகும். கிடைப்பது நட்டம் மட்டுமே: மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது, வீங்கத் தொடங்கிய மூளை மேலும் வீங்குகிறது, மூச்சுவிடவும் சிரமம். எனவே மூளை அறிகுறி தெரிந்துவிட்டால் மட்டமாக மல்லாந்து படுக்க வைப்பதே சரி. வாந்தி வந்தால் அல்லது நினைவில்லாமல் மூச்சுப்பாதைக்குக் காவல் தேவைப்பட்டால் பக்கவாட்டில் திருப்பலாம்.

தலையை உயர்த்துவது மட்டும் எந்தச் சூழலிலும் வேண்டாம். உட்கார்ந்த நிலையில் கழுத்துச் சிரை வழியே காற்று ஓட்டத்துக்கு எதிராக மேலேறி மூளையின் சிரைகளுக்கே போவதும் உண்டு. சிரையில் ஓட்டம் மெதுவானது. அங்கே மிதப்பு ஜெயிக்கும். பக்கவாத நோயாளிக்குப் பழக்கத்தில் தலைப்பக்கம் 30 டிகிரி தூக்கிவிடும் கை இங்கே தடுக்கப்பட வேண்டிய கை.

ஸ்கேன் முதலில் என்றால்

பக்கவாதம் போன்ற அறிகுறி என்றவுடன் சிடி ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போவது கைவந்த பழக்கம். ஸ்கேனுக்கு ஒரு நியாயமும் இருக்கிறது: மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் தெரிந்துவிடும். அறிகுறி தொடங்கிய நேரம் தெளிவில்லாதபோது, உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவராக இருந்தால், தலையில் அடிபட்டிருந்தால், ஸ்கேன் தேவைதான்.

ஆனால் காற்றைக் காட்டித் தரும் கருவியாக அதை நம்பக்கூடாது. நுண்ணிய தமனிகளில் அடைத்த குமிழிகள் ஸ்கேனின் கண்ணுக்குச் சிக்காத அளவில் இருக்கலாம். நேரம் போகப் போகப் படத்திலிருந்து மறைந்தும் போகும். காற்று மறைந்தாலும் அது உரசிப் போன நாளத்தின் உட்சுவர் புண்பட்டிருக்கும். வெள்ளணுக்கள் வந்து ஒட்டும், வீக்கம் தொடரும். ஆகவே படத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் நோய் உறுதி. தெரியாவிட்டால் எதுவும் முடிவாகவில்லை. நடக்கும் பெரிய தவறு இதுதான்: ஸ்கேன் நார்மல் என்ற ஒரு வரிக்காகச் சேம்பருக்குச் சொன்ன ஏற்பாட்டை ரத்து செய்வது.

நடைமுறையில் எங்கள் கணக்கு இப்படி: ஸ்கேன் அறை போகும் வழியிலேயே இருந்து, காண்ட்ராஸ்ட் என்ற சாயமருந்து இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடியுமானால் எடுக்கலாம். அந்தப் பதினைந்து நிமிடத்தில் இன்னொருவர் சேம்பருடன் தொலைபேசியில் இருக்க வேண்டும். எம்ஆர்ஐ வேண்டாம், முக்கால் மணி நேரம் போய்விடும், கிடைக்கும் தகவல் முடிவை மாற்றாது. லைன் எடுப்பது, பயாப்ஸி போன்ற ஒன்று நடந்த சில நிமிடத்துக்குள், அல்லது நீருக்கடியிலிருந்து மேலே வந்த பத்து நிமிடத்துக்குள், வலிப்போ பக்கவாதமோ மயக்கமோ வந்தால் வரலாறே போதிய சான்று.

பக்கவாதத்துக்குப் போடும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே அடைத்திருப்பது ரத்தக்கட்டி அல்ல, வாயு. அந்த ஊசி வாயுவைக் கரைக்காது. அறுவை சிகிச்சையோ பயாப்ஸியோ முடிந்த உடம்பில் ரத்தக்கசிவை மட்டும் கொண்டுவரும்.

ஒரு சூழலில் மட்டும் மார்பு சிடி எல்லாவற்றுக்கும் முன் வரும். இதயத்துடிப்புக் கோளாறுக்காக அப்லேஷன் (கோளாறுள்ள திசுவை அழிக்கும் சிகிச்சை) செய்துகொண்டவர், சில வாரம் கழித்துக் காய்ச்சலோடு பக்கவாத அறிகுறியும் காட்டி வந்தால், இதயத்தின் இடது மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே துளை விழுந்திருக்கலாம். இவருக்கு எண்டோஸ்கோப்பியோ உணவுக்குழாய் வழி எக்கோவோ செய்து காற்றை ஊதினால் அந்தக் காற்று நேராக மூளைக்குப் போகும். உயிர் போன சம்பவங்கள் உண்டு. மார்பு சிடி எடுத்து, நெஞ்சறுவை நிபுணரைக் கூப்பிடுவதே வழி.

ஆக்சிஜன்: எதில், எவ்வளவு

குமிழியில் இருப்பது பெரும்பாலும் நைட்ரஜன். நோயாளி சுத்த ஆக்சிஜனை மூச்சில் எடுத்தால் ரத்தத்தில் நைட்ரஜன் குறைந்து, குமிழிக்குள் இருப்பது வெளியே கசிந்து கரைகிறது. அதனால் இங்கே ஆக்சிஜன் ஒரு மருந்து. அதன் அளவைத் தீர்மானிப்பது விரலில் மாட்டிய கருவி காட்டும் எண் அல்ல. சாச்சுரேஷன் 100 காட்டுகிறதே, போதும் என்று ஆக்சிஜன் ஓட்டத்தைக் குறைக்கும் கை எந்த வார்டிலும் இருக்கும். குறைக்கக்கூடாது என்று படுக்கைத் தலைமாட்டில் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

மூக்குக் குழாயில் நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் நோயாளிக்குக் கிடைப்பது சுமார் 36 சதவீதம். பை வைத்த நான்-ரீபிரீதர் மாஸ்க்கில் 15 லிட்டர் விட்டால், முகத்தில் எவ்வளவு இறுக்கமாக உட்கார்கிறது என்பதைப் பொறுத்து 60 முதல் 90 வரை. மூச்சிழுக்கும்போது பை முழுக்கச் சுருங்கினால் ஓட்டம் போதவில்லை. இறுக்கமான மாஸ்க்கோ மூச்சுப்பாதைக்குள் குழாய் போட்டு வென்டிலேட்டரோதான் நூற்றுக்கு அருகில் போகும். நினைவு தெளிவாக இருப்பவருக்குக் குழாய் வேண்டாம். மாஸ்க்கை நன்றாகப் பொருத்தினால் போதும். நினைவு மங்கினால், வலிப்பு அடங்காவிட்டால், குழாய்தான். அப்போது கார்பன் டை ஆக்சைடை இயல்பு அளவில், 35 முதல் 40 மி.மீ. வரை, வைக்க வேண்டும். வேகமாக மூச்சு கொடுத்து அதை இறக்கினால் மூளை நாளங்கள் சுருங்கி, ஏற்கெனவே குறைந்த ஓட்டம் மேலும் குறையும்.

பயணத்துக்கு சிலிண்டர் கணக்கு போட்டே ஆக வேண்டும். பி டைப் சிலிண்டரில் நிரம்ப இருந்தால் சுமார் 1,500 லிட்டர். 15 லிட்டர் ஓட்டத்தில் 100 நிமிடம். டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். ஏழரை மணி நேரம் தாண்டும். மூன்று மணி நேரப் பயணத்துக்கு ஒற்றை பி டைப் சிலிண்டரோடு ஏறினால் பாதி வழியில் ஓட்டத்தைக் குறைக்க வேண்டிவரும். பயண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்குக் கையிருப்பு வேண்டும்; டிராஃபிக்கும் சேம்பர் வாசலில் காத்திருப்பும் அதில் அடங்கும்.

கூடவே நடக்க வேண்டியவை: வலிப்புக்கு லோராசெபாம் 4 மி.கி. சிரை வழியே, பிறகு லெவெடிராசெட்டாம். திரவத்துக்கு நார்மல் சலைன். டெக்ஸ்ட்ரோஸ் வேண்டாம், சர்க்கரை ஏறினால் அடிபட்ட மூளைக்குக் கேடு. ரத்த அழுத்தத்தை விழ விடக்கூடாது. ஸ்டீராய்டு பலன் தராது. லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்து மூளையைக் காக்குமா என்று இதய அறுவை சிகிச்சை நோயாளிகளிடம் செய்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. அதை ஏற்றுவதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

இங்கேயே வைத்துக்கொள்வதா, சேம்பருக்கு அனுப்புவதா

அழுத்த அறை என்ன செய்கிறது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். சாதாரண வளிமண்டல அழுத்தத்தைப் போல் 2.8 மடங்கு ஏற்றினால் குமிழியின் கன அளவு 36 சதவீதமாகச் சுருங்கும். உருண்டையாக இருந்தால் விட்டம் 71 சதவீதம் ஆகும். ஆனால் நுண்தமனிக்குள் அது நீண்ட உருளையாக அடைத்திருப்பதால் சுருக்கம் பெரும்பாலும் நீளத்தில் விழுகிறது, அடைப்பு நகர்ந்துபோக வழி பிறக்கிறது. அதே நேரம் அந்த அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜன் மூச்சிழுத்தால் ஹீமோகுளோபினைத் தவிர, பிளாஸ்மாவில் கரைந்தே 100 மி.லி. ரத்தத்துக்குச் சுமார் 6 மி.லி. ஆக்சிஜன் போகும். சிவப்பணு தாண்ட முடியாத இடத்துக்கும் அது எட்டும். வெள்ளணுக்கள் நாளச் சுவரில் ஒட்டுவதையும் இது குறைக்கிறது. குமிழி மறைந்த பிறகும் தாமதமாகச் சேம்பருக்குப் போனவர்கள் சிலர் தேறுவதற்கு இது ஒரு காரணம்.

படுக்கையிலேயே வைத்து மாஸ்க்கில் ஆக்சிஜன் மட்டும் கொடுத்தால் நைட்ரஜன் வெளியேறும். சுருக்கம் உடனே கிடைக்காது. மனிதர்களிடம் இரண்டையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட சோதனை கிடையாது. சேம்பருக்குப் போகும் வாய்ப்பை மறுத்து ஒரு குழுவை வைப்பது நெறியாகாது என்பதால் வரப்போவதும் இல்லை. பிரான்ஸில் 86 நோயாளிகளை வைத்து 2002இல் வெளியான ஆய்வில், சிரை வழிக் காற்றுக்கு ஆறு மணி நேரத்துக்குள் சேம்பர் சேர்ந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆறு மணி என்ற எல்லை பெரிதும் அங்கிருந்து வருவது. அது கதவு மூடும் நேரம் அல்ல. நாள் தாண்டிப் போய்ப் பலன் பெற்றவர்களும் உண்டு.

ஆகவே மூளை அறிகுறி இருக்கிறது, ரத்த அழுத்தம் மருந்தோடாவது நிற்கிறது, ஆறு மணி நேரத்துக்குள் சேர முடியும் என்றால் அனுப்ப வேண்டும். ஆறுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவே என்றால், குறை இன்னும் மாறாமல் இருந்தால் அனுப்பலாம். ரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்தை மணிக்கு மணி ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும் நோயாளியை வண்டியில் ஏற்றுவது ஆபத்து. அவரை முதலில் நிலைப்படுத்துவதே வேலை. சிரமமான கேள்வி, முழுவதும் தேறிவிட்டவரைப் பற்றியது. கை கால் திரும்ப வந்துவிட்டது, பேச்சு தெளிந்துவிட்டது; குடும்பத்தார் கிளம்பலாமா என்று கேட்பார்கள். இந்த நோயில் தேறியவர் சில மணி நேரத்தில் மறுபடி சரிவது உண்டு. குமிழி நகர்ந்துபோய்விட்டது, அது உண்டாக்கிய புண் அங்கேயே இருக்கிறது. அவரையும் சேம்பருக்கு அனுப்புவதே சரி.

சேம்பர் என்ற பெயரில் மூன்று வேறு பொருள்கள்

பக்கத்தில் சேம்பர் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது எந்த வகை என்று கேட்பதற்குமுன் ஆம்புலன்ஸை அனுப்பக்கூடாது. அழகு நிலையங்களிலும் வெல்னஸ் மையங்களிலும் இருக்கும் ஜிப் வைத்த மென்பைகள் 1.3 மடங்கு அழுத்தம் மட்டுமே தரும். அதில் குமிழி 77 சதவீதத்தோடு நின்றுவிடும். இந்த நோய்க்கு அவை உதவாது. சர்க்கரைப் புண் ஆற்றும் மையங்கள் வழக்கமாக ஓட்டுவது 2 முதல் 2.4 மடங்கு, கருவி 2.8 வரை போகுமா, போகும் என்றால் இரவில் ஓட்ட ஆள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

அடுத்தது ஒருவர் மட்டும் படுக்கும் மோனோபிளேஸ், பலர் உட்காரும் மல்டிபிளேஸ். மோனோபிளேஸ் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் குழாய். பெரும்பாலும் ஆக்சிஜனாலேயே நிரப்பப்படும். உள்ளே துணைக்கு யாரும் போக முடியாது. வாந்தி எடுத்தால் உறிஞ்சிவிட ஆள் இல்லை. இதயம் நின்றால் ஷாக் கொடுக்க முதலில் அழுத்தத்தை இறக்கி வெளியே எடுக்க வேண்டும். மருந்து வரும் பம்ப் வெளியே, குழாய் கதவின் துளை வழியே உள்ளே. தானாக மூச்சுவிட்டு, சொன்னபடி கேட்கும் நோயாளிக்கு இது போதும். பக்கத்தில் இருந்தால் தயங்காமல் போகலாம்.

மல்டிபிளேஸ் இரும்பு அறை. காற்றால் அழுத்தம் ஏற்றி, நோயாளிக்கு மட்டும் ஹூட் (தலையை மூடும் உறை) அல்லது மாஸ்க் அல்லது வென்டிலேட்டர் வழியே ஆக்சிஜன். செவிலியர் உடனிருப்பார், இடையில் ஒரு சிற்றறை வழியே மருந்தோ ஆளோ உள்ளே போய் வரலாம். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, வலிப்பு ஓயாதவருக்கு இதுதான். ஒரு மணி நேரத் தூரத்தில் மோனோபிளேஸும் மூன்று மணி நேரத் தூரத்தில் மல்டிபிளேஸும் இருந்தால், குழாய் போட்ட நோயாளிக்கு எங்கள் தேர்வு மூன்று மணி நேரம். இந்தியாவில் கடற்படையிடம் இதற்கான நீண்ட அனுபவம் இருக்கிறது: மும்பையில் ஐஎன்எச்எஸ் அஸ்வினி மருத்துவமனை, கொச்சியில் நீர்மூழ்குப் பயிற்சிப் பள்ளி. ஆனால் அனுமதியைத் தொலைபேசியில் உறுதி செய்யாமல் வாசலில் போய் நிற்பது பயன் தராது.

தொலைபேசியில் கேட்க வேண்டியவை: 2.8 வரை ஏறுமா. உள்ளே வென்டிலேட்டர் ஓடுமா. இப்போதிலிருந்து எத்தனை நிமிடத்தில் தயார். ஐந்து மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருப்பு உண்டா. வெளியே வந்ததும் ஐசியூ படுக்கை அதே வளாகத்தில் உண்டா.

உள்ளே போகுமுன் நெஞ்சைப் பார்க்காமல் விடக்கூடாது. மூடிய நெஞ்சறையில் காற்று தேங்கியிருந்தால் அழுத்தம் இறங்கும்போது அது விரிந்து நுரையீரலை நசுக்கும். வடிகுழாய் போட்ட பிறகே கதவை மூட வேண்டும். அல்ட்ராசவுண்டில் இரண்டு நிமிட வேலை. மூச்சுக்காகப் போட்ட குழாயின் பலூனில் காற்றை எடுத்துவிட்டு சலைன் நிரப்ப வேண்டும்; இல்லையேல் அழுத்தத்தில் சுருங்கி ஓரத்தில் கசியும். நினைவில்லாதவரால் காதை விடுவிக்க முடியாது என்பதால் செவிப்பறையில் சிறு கீறல் போடுவது வழக்கம். பருத்தி உடை மட்டும். நம் ஊரில் மறந்துபோவது தலை எண்ணெய்: ஆக்சிஜன் நிரம்பிய இடத்தில் எண்ணெய் தீப்பிடிக்கும் பொருள். துளையின் மேல் வாசலின் தடவிய காஸ் போட்டிருந்தால் அதுவும் அப்படித்தான்; கதீட்டர் எடுத்த இடத்துக்கு அதைப் போடச் சொல்லும் அதே புத்தகம் சேம்பருக்கு வேண்டாம் என்று சொல்லும். ஒட்டும் ஒளிபுகு படலமாக மாற்றிவிட்டு அனுப்பினால் அங்கே பத்து நிமிடம் மிச்சம்.

டேபிள் 6, டேபிள் 6ஏ

எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்று சொல்லும் அட்டவணைகளில் அமெரிக்கக் கடற்படையின் டேபிள் 6 உலகெங்கும் அடிப்படை. 18 மீட்டர் ஆழத்துக்கு ஈடான 2.8 மடங்கில், 20 நிமிடம் ஆக்சிஜன், 5 நிமிடம் காற்று என மூன்று சுற்று. பிறகு 30 நிமிடத்தில் 9 மீட்டருக்கு ஏற்றம். அங்கே 15 நிமிடம் காற்று, 60 நிமிடம் ஆக்சிஜன் என இரண்டு சுற்று. கடைசி 30 நிமிடத்தில் மேற்பரப்பு. மொத்தம் 4 மணி 45 நிமிடம். நடுநடுவே காற்று விடுவது ஆக்சிஜன் நஞ்சாகி வலிப்பு வராமல் இருக்க. குறை தீராவிட்டால் சுற்றுகளை நீட்டலாம்.

டேபிள் 6ஏ முதலில் 50 மீட்டருக்கு, 6 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோகிறது. அரை மணி நேரம் அங்கே, பிறகு 18 மீட்டருக்கு வந்து டேபிள் 6ஐத் தொடர்வது. ஆறு மடங்கில் குமிழி ஆறில் ஒரு பங்கு ஆகிவிடும், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2.8இல் 36 சதவீதமானது 6இல் 17 சதவீதமாகிறது. பெரும் பகுதி லாபம் முதலிலேயே கிடைத்துவிட்டது. அந்த ஆழத்தில் சுத்த ஆக்சிஜன் கொடுக்க முடியாது. காற்று கொடுத்தால் உடம்பில் நைட்ரஜன் மேலும் ஏறும், உடனிருக்கும் செவிலியருக்கும் சேர்த்து. ஆக்சிஜனும் நைட்ரஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயு கொடுத்தால் ஆக்சிஜன் பங்கு 3 மடங்கு அழுத்தத்தைத் தொடும், அதற்குமேல் இடமில்லை. பல மருத்துவமனைச் சேம்பர்கள் ஆறு வரை போகக் கட்டப்பட்டவையும் அல்ல. டேபிள் 6இல் தொடங்கி, முதல் சுற்றிலேயே நிலை மாறாமல் அல்லது மோசமாகி, ஆழம் போகத் தகுந்த அறையும் பழகிய ஆட்களும் இருந்தால் மட்டுமே 6ஏ பற்றி யோசிக்கலாம். 6ஏ இருக்கும் இடம் தேடி டேபிள் 6ஐக் கடந்து போவது வீண்.

சாலையா, வானமா

விமானத்தின் உள்ளறை 2,400 மீட்டர் உயரத்துக்கு ஈடான அழுத்தத்தில் இருக்கலாம். அங்கே குமிழி மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். தரைமட்ட அழுத்தத்தை வைத்துக்கொள்ளும் ஆம்புலன்ஸ் விமானம் அல்லது 300 மீட்டருக்குக் கீழே பறக்கும் ஹெலிகாப்டர் என்றால் சரி. 300 மீட்டரில் பெருக்கம் நான்கு சதவீதத்துக்குள்.

சாலைக்கும் இதே கணக்கு. கோவையிலிருந்து கொச்சிக்குப் பாலக்காட்டுக் கணவாய் தாழ்வான வழி, பிரச்சினை இல்லை. மதுரையிலிருந்து போடிமெட்டு, மூணாறு ஏறிப் போவது கூடாது. செங்கோட்டை, ஆரியங்காவு வழி தாழ்வானது. எதிர்த்திசையில் யோசித்தால் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவதே குமிழியை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சுருக்கும். மலை மருத்துவமனையில் காத்திருக்க வைப்பதைவிட ஆக்சிஜனோடு கீழே இறக்குவது முதல் சிகிச்சை.

கடலில் நடந்தால் கேள்வி வேறு. மூச்சடக்கி முங்கும் மன்னார் வளைகுடாச் சங்கு குளிப்போருக்கு நுரையீரல் கிழிந்து காற்று போகும் ஆபத்து பெரும்பாலும் இல்லை. மேலிருந்து எடுத்துப் போன காற்று, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். ஸ்கூபாவிலோ கம்ப்ரசர் குழாயிலோ மூச்சுவிடுபவர் ஆழத்தில் நிரப்பிய காற்றோடு மூச்சை அடக்கி மேலே வந்தால் ஒன்றேகால் மீட்டர் ஆழமே போதும். இப்படி விழுந்தவரை மறுபடி தண்ணீருக்குள் இறக்கி அழுத்தம் கொடுக்கலாம் என்ற யோசனை படகில் எழும். நினைவு மங்கியவர், வலிப்பு வரக்கூடியவர் தண்ணீருக்கடியில் மூழ்கியே போவார். படகில் ஆக்சிஜன், மட்டமான பலகை, கரையை நோக்கி முழு வேகம், இவ்வளவுதான்.

முதல் சேம்பர் அமர்வுக்குப் பிறகு நரம்புப் பரிசோதனையை நேரத்தோடு எழுதி, தினம் ஒருமுறை தொடர்கிறார்கள்; இரண்டு அமர்வுகளில் முன்னேற்றம் எதுவும் சேராவிட்டால் நிறுத்தலாம். பெரும்பாலோருக்கு ஐந்துக்குள் முடிந்துவிடும், பத்தைத் தாண்டுவது அரிது. இதயத் துளையைக் குமிழி எக்கோவில் (நுண்குமிழி கலந்த சலைனைச் சிரையில் ஏற்றி எடுக்கும் எக்கோ) தேடுவது அதன் பிறகான வேலை. கதீட்டர் எடுத்தபோது ஒருமுறை காற்று புகுந்தவருக்கு, வேறு காரணம் இல்லாவிட்டால், அந்தத் துளையை அடைக்க அவசரப்பட வேண்டியதில்லை. தொழிலாகக் கடலுக்குள் இறங்குபவராக இருந்து, நுரையீரல் கிழியாமல் சிரைக்குமிழி தாண்டித்தான் வந்தது என்று தெரிந்தால் மட்டும் அடைப்பதா, தொழிலை மாற்றுவதா என்று உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். நுரையீரல் கிழிந்து வந்திருந்தால் மார்பு சிடியில் பழைய கொப்புளம் ஏதும் இருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி இறங்க அனுமதிக்கக்கூடாது.